டீச்சரின் மைலோ டின்

சிங்கப்பூரில் நமக்குப் பாடம் எடுத்த தமிழ் டீச்சர் காலமான செய்தி வந்ததும் நம் பழைய மாணவர் குழுவில் எல்லாரும் ஒன்றையேதான் எழுதினோம்: வெள்ளிக்கிழமை கடைசி வேளை, நான்கு நாற்காலி, மைலோ டின். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கேலியைக் கண்டால் என்ன சொல்வது என்று அவர் நம்மை நடிக்கவைத்துப் பழக்கிய விதத்தை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

ஜூலை 21 அன்று பள்ளி முழுக்கச் சீருடைக்குப் பதில் பாரம்பரிய உடையில் வருவோம். 1964இல் அதே நாளில் சிங்கப்பூரில் மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் மேலும் 13 பேர். 1997 முதல் அது இன நல்லிணக்க நாள். அந்த நாள் டீச்சருக்குப் பிடித்தமானது, ஆனால் போதாது என்பார். மறுநாள் பேருந்தில் ஒருவனைக் கேலி செய்யும்போது நல்ல பிள்ளைகளும் பேசாமல் இருப்பது மனமில்லாமல் அல்ல, சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இல்லாமல்தான். 1966இல் அமைச்சர் ராஜரத்தினம் வரைந்த தேசிய உறுதிமொழி நம் நாவில் நிற்பது தினமும் வாய்விட்டுச் சொன்னதால். இதையும் வாய்விட்டே பழக வேண்டும்.

பிரேசிலின் அகஸ்டோ போவால் வகுத்த அரங்க முறைதான் இந்தப் பயிற்சிக்கு அடிப்படை. டின்னிலிருந்து கேலிக் காட்சி ஒன்று எழுதிய சீட்டை எடுப்போம். ஒரு நிமிடக் காட்சி. முதல்முறை கெட்ட முடிவுவரை நடக்கும். இரண்டாம் முறை யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று சொல்லி உள்ளே போகலாம், கேலிக்கு ஆளானவனாகவோ வேடிக்கை பார்ப்பவனாகவோ. கேலி செய்பவனின் இடத்தை மட்டும் எடுக்கக்கூடாது. அவன் திடீரென்று திருந்திவிட்டால் பழகுவதற்கு என்ன இருக்கிறது?

உள்ளே போனவனுக்கு ஏழு சொல்லுக்குள் ஒரு வாக்கியம். “ஏன் இப்படிப் பேசுற?” என்று கேட்டால் அவனுக்கு மேடை கிடைத்துவிடும், திருப்பித் திட்டினால் சண்டை இரண்டாகும். கேலி செய்பவனைப் பார்க்காமல் ஆளானவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்: “வா, கேன்டீனுக்குப் போகலாம்.” கைகள் வெளியே தெரிய வேண்டும். அடிதடி வரும்போல் இருந்தால் நடுவில் புகக்கூடாது. “யாராவது சாரைக் கூப்பிடுங்க” என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள்; ஒருவரைக் காட்டி “நீ போ” என்க வேண்டும். 1968இல் உளவியலாளர்கள் டார்லியும் லாட்டனேயும் நடத்திய சோதனையில், தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 தான். அன்றே ஆளானவனிடம் போய், “உனக்கு என்ன செய்யணும்?” என்று கேட்டுவிட்டு, நேரம், இடம், சொன்ன சொல், இருந்தவர்கள் என்று நான்கையும் எழுதிவைக்க வேண்டும்.

தவறு நேரும் இடங்களும் அவருக்குத் தெரியும். உண்மையிலேயே அந்தக் கேலிக்கு ஆளான பிள்ளைக்கு அதே வேடம் கொடுத்தால் புண் மறுபடி கிழியும். அதனால் வகுப்பில் நடந்த எதுவும் சீட்டில் இருக்காது. இழிசொல்லுக்குப் பதில் “கத்தரிக்காய்” என்பார். அந்தக் குரலில் சொன்னால் கத்தரிக்காயும் சுடும். முடிந்ததும் கேலி செய்தவனாக நடித்தவன் தன் பெயரைச் சொல்லி, தண்ணீர் குடித்து, வேறு நாற்காலியில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேடம் இடைவேளைவரை ஒட்டிக்கொண்டு போகும்.

எல்லாரும் தயங்கிய சீட்டு ஒன்று உண்டு. ஞாயிறு மாலை, லிட்டில் இந்தியா என்னும் தேக்காவிலிருந்து வரும் பேருந்து. ஊரிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி பக்கத்தில் உட்கார, நம் தமிழ்ப் பையனே மூக்கைப் பொத்துகிறான். மற்றவர் நம்மைக் கேலி செய்யும் காட்சிகளில் எழுந்த கைகள் இதில் எழவில்லை. டீச்சர் அதை மூன்று வெள்ளிக்கிழமை விடாமல் எடுத்தார். நான்காவது வாரம் ஒரு மாணவி எழுந்து போய், “அண்ணே, இங்க உக்காருங்க” என்றாள். அவ்வளவுதான்.

பின்னாளில், 2001இல், டொரோன்டோ விளையாட்டுத் திடல்களில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. சக பிள்ளைகள் தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் வம்பு நின்றதாம். அதை அவருக்கு அனுப்ப நினைத்தோம், அனுப்பவில்லை. இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர் பெர்த்திலும் லண்டனிலும் டொரோன்டோவிலும் இருக்கிறோம். சிங்கப்பூரில் டீச்சருக்கு நாற்காலி நகர்த்திக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் போன ஆண்டுகள் இருந்தன.

டின் யாரிடம் இருக்கிறதென்று தெரிந்தவர்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். சீட்டுகளைத் தட்டச்சு செய்து பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.