கத்தரிக்காய் மாசம்

இந்த ஞாயிற்றுக்கிழமையும் கத்தரிக்காய்தான். தொடர்ந்து நாலாவது வாரம். காலை ஆறரைக்கு அண்ணாச்சி டி.வி.எஸ். எக்ஸ்எல்லை எங்கள் வாசலில் நிறுத்திச் சாக்கை இறக்கும்போதே என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். காயைக் குறை சொல்லவே முடியாது. வெள்ளைக் கத்தரி, நல்ல இளசு, முந்தின நாள் சாயங்காலம் பறித்தது, அள்ளும்போது காம்பு முள் கையில் குத்துகிறது. ஆனால் கூட்டாஞ்சோறு, கொத்சு, எண்ணெய்க் கத்தரிக்காய், சுட்டுத் துவையல் எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிட்டது. "இனிமே கத்தரிக்கா பாயசம்தான் பாக்கி" என்றாள்.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் நாங்கள் பதினாலு வீடு. அண்ணாச்சிக்குச் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம், நெல் போக ஒன்றரை ஏக்கரில் காய்கறி. எந்தக் காயானாலும் வருஷம் முழுக்கக் கிலோ 40 ரூபாய், வீட்டுக்கு வாரம் 4 கிலோ, மாசம் பிறந்ததும் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். என்ன காய் என்பதை அவருடைய வயல் முடிவு பண்ணும். 2022-ல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எப்படி என்று எனக்கே ஆச்சரியம்தான்.

அதற்கு முன் அவர் கமிஷன் மண்டிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நூற்றுக்குப் பத்து கமிஷன், சிப்பத்துக்கு ஒரு கிலோ கழிவு, அப்புறம் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில், நாம் தக்காளிக்குக் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயி கைக்குப் போவது சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று இருந்தது. அதை அவரிடம் சொன்னபோது, "முப்பத்தி மூணா? பரவால்லியே" என்றார்.

மண்டிக்காரரைத் திட்டிவிட்டுப் போவது எனக்கும் சுலபம். ஆனால் விதைக்கும் உரத்துக்கும் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டாலும் கையில் காசு கொடுத்தவர் அந்த ஆள்தான். அதோடு கொண்டுபோன சரக்கு அத்தனையையும், ஒரு காய் மிச்சமில்லாமல், எடுத்துக்கொள்வார். எங்கள் பதினாலு வீட்டுக்கு 56 கிலோ போதும். வெண்டைக்காய் பொங்கிக்கொண்டு வருகிற வாரத்தில் மீதியை என்ன செய்வார்?

"அதுக்குத்தான் உழவர் சந்தை இருக்கே" என்று நானும் கேட்டேன். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இதற்கு இணையாக விவசாயிக்கு ஒரு ஏற்பாடு வரவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கமிஷன் கிடையாது, தராசு இலவசம், அன்றைய விலை பலகையில் இருக்கும். அண்ணாச்சியிடமும் அடையாள அட்டை உண்டு. ஆனால் விடியுமுன்னே கிளம்பி மகாராஜநகர் வந்து கடை போட்டு ஒன்பது பத்து மணி வரைக்கும் உட்கார்ந்தால், அன்றைக்கு வயலில் பறிக்க யார் இருக்கிறார்கள்? வீட்டில் ரெண்டு ஆள் இருக்கிறவர்களுக்குச் சரிவரும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சந்தையில் கத்தரிக்காய் 15 ரூபாய்க்குக் கிடக்கிற வாரமும் நாங்கள் 40 கொடுக்கிறோம், இதுதான் எல்லாரையும் உறுத்துகிறது. முருங்கைக்காய் கிலோ 200-ஐத் தாண்டிய கார்த்திகையில் அதே 40-க்கு வாங்கி முருங்கைக்காய்ச் சொதி வைத்துச் சாப்பிட்டோமே, அது ஒருத்தரையும் உறுத்தவில்லை.

ஆனால் அந்தக் கார்த்திகைக் கடைசியில், வீட்டுக்கு ரெண்டே ரெண்டு முருங்கைக்காய்தான் வந்தது. காய்ப்பு குறைந்துவிட்டது என்றார். புதன்கிழமை வேறு வேலையாக மகாராஜநகர் போனவன் சந்தைக்குள் எட்டிப் பார்த்தால், அண்ணாச்சி கால்களுக்கு நடுவே முருங்கைக்காய்க் கட்டுகளைக் குவித்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். போட்டுவிட்டு, அவரே எடுத்துவிட்டார். "மூத்தவளுக்கு காலேஜ் பீஸ் கட்டணும்லா தம்பி" என்றார். எனக்குச் சரியான கோபம். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஆடி மாசம் ஞாபகம் வந்தது. தக்காளி 10 ரூபாய்க்குத் தெருவில் மினி லாரியில் வைத்துக் கூவிக்கொண்டு போன சமயம். "ஊருக்குப் போறோம் அண்ணாச்சி, ரெண்டு வாரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் இங்கேயேதான் இருந்தேன். அவர் ஒருநாள் டவுன் பஸ்ஸில் போகும்போது என்னைப் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரைக்கும் தெரியாது.

ஜப்பானில் 1970-களிலேயே வீட்டுப் பெண்கள் விவசாயிகளோடு நேராக ஒப்பந்தம் போட்டு இப்படி வாங்க ஆரம்பித்தார்கள், தேய்கேய் என்று பெயர். 1978-ல் அவர்கள் எழுதிவைத்த பத்துக் கொள்கைகளில் ஒன்று, விளைந்ததை எல்லாம் ஏற்றுக்கொள்வது. அதைப் படித்தபோது, அங்கேயும் யாரோ ஒரு வீட்டில் நாலாவது வாரக் கத்தரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பிறகுதான் இதை எழுதியிருப்பார்கள் என்று தோன்றியது.

2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி வயலில் நாலு நாள் தண்ணீர் நின்றது. பதினாலில் ஒன்பது வீடு ரெண்டு மாசப் பணத்தை முன்னாலேயே கொடுத்தோம், ஐந்து வீடு பேசாமல் இருந்துவிட்டது. அந்தத் தையில் எங்களுக்குச் சிறுகிழங்கு கிடையாது, எல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. சாக்கில் கிழங்கைக் கொட்டி, வாயைக் கட்டி, துவைகல்லில் போட்டு உருட்டித் தேய்த்தால் தோல் கழன்று மண்வாசத்தோடு வெள்ளையாக வருமே, அந்த வேலை இல்லாமல் எங்கள் அம்மாவுக்குப் பொங்கல் அன்று கை காலே ஓடவில்லை.

இந்த ஞாயிறு கத்தரிக்காயை நிறுத்துக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி கிளம்பவில்லை. கால் ஏக்கரில் சிறுகிழங்குக் கொடி நடலாம் என்று இருக்கிறாராம், பொங்கலுக்கு எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ என்று இப்போதே சொல்லி, பாதிப் பணமும் கொடுத்தால் தைரியமாக இறங்கலாம் என்றார். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ரெண்டு நிமிஷத்தில் முதல் பதில் வந்தது, எதிர்வீட்டு மதினி.

"எனக்கு அஞ்சு கிலோ. இந்த வாரக் கத்தரிக்காயத் திருப்பித் தாரேன், அதுல கழிச்சுக்கிடுவாகளான்னு கேளுங்க."