பின்னாடி இடிச்சவன் மேலதான் தப்புன்னு எழுதி மார்க்கை விட்ட கதை

லா காலேஜ் இன்டர்னல்ல ஒரு ப்ராப்ளம் கொஸ்டின். நைட்டு ஹைவேஸ்ல போன லாரி சடன் பிரேக் அடிக்குது, பின்னாடி வந்த பைக் மோதி ஓட்டுனவரும் பின்சீட்டுல இருந்தவரும் ஸ்பாட்லயே இறந்துடறாங்க, யார் பொறுப்பு? பின்னாடி வர்றவர்தான் கேப் விடணும்னு ஒன்றரை பக்கம் எழுதினேன், 10க்கு 3.

கேப் பாயின்ட் தப்பில்லங்க. 2017 வரைக்கும் இருந்த 1989 ரோடு ரெகுலேஷன்ல 23வது விதியே அதான், 2018ல சுப்ரீம் கோர்ட்டும் லாரிக்கு 10-15 அடி பின்னாடியே வந்து மோதுன கார் டிரைவர் மேலதான் தப்புன்னு சொல்லுச்சு. ஆனா அதே வருஷம், ராத்திரி லைட்டு போடாம நடுரோட்டுல நின்ன கேஸ் டேங்கர்ல கார் மோதின வழக்குல கார்காரர் மேல தப்பே இல்லன்னுட்டாங்க. 2025ல வந்த கோயம்புத்தூர் கேஸ் இன்னும் நல்லா இருக்கும், தப்புல மனைவிக்கு வாந்தி வருதுன்னு சடனா நிறுத்துன கார்காரருக்கு 50, பின்னாடி வந்து ஏறுன பஸ்ஸுக்கு 30, கேப் விடாம வந்த பைக் பையனுக்கு 20 சதவீதம் (அதுல கால்தான் போச்சு, உயிர் போகல, கணக்கு இதேதான்).

எனக்கு மெயினா மார்க் போனது பின்சீட்டுக்காரர்கிட்ட. ஓட்டுனவர் மேல பங்கு தப்பு இருந்தா அவர் குடும்பத்துக்கு அந்த அளவு கழிப்பாங்க, சும்மா உக்காந்து வந்தவர் குடும்பத்துக்கு அப்படிக் கழிக்க முடியாது, அவங்களுக்கு இது காம்போசிட் நெக்லிஜென்ஸ், அதாவது மத்தவங்க ரெண்டு பேர் கவனக்குறைவும் சேர்ந்து நடந்தது, லாரி, பைக் ரெண்டு தரப்புல யார்கிட்ட வேணா முழுத் தொகையும் கேக்கலாம். நான் ரெண்டு பேரையும் ஒரே மூட்டையா கட்டிட்டேன்.

கிரிமினல் கேஸ் பாகத்தை தனியா எழுதுங்க. கவனக்குறைவால சாவுன்னா பழைய ஐபிசி 304ஏல ஜெயில் 2 வருஷம் வரைக்கும், இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 106(1)ல 5 வருஷம் வரைக்கும். அங்க விடுதலை ஆனாலும் விபத்து நஷ்டஈடு ட்ரிப்யூனல் நஷ்டஈடு கொடுக்கலாம், ஏன்னா இங்க எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னுதான் பாப்பாங்க.

அப்புறம் சீனியர் கூட ஒரு எம்சிஓபி (விபத்து நஷ்டஈடு மனு) விசாரணைக்குப் போனேன். எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்ல 'பின் விளக்கு உடைந்துள்ளது'ன்னு ஒரே வரி, அது மோதுனதுல உடைஞ்சதா, முன்னாடியே உடைஞ்சு கிடந்ததான்னு அரைமணி நேரம் குறுக்கு விசாரணை. எனக்கு அப்பதான் உறைச்சுது, நம்ம கொஸ்டின்ல 'நைட்டு'ன்னு போட்டிருந்தாங்களே, லாரி பிரேக் லைட் எரிஞ்சுதான்னு நான் ஒரு வரிகூட கேக்கலயே.