குழல் வரும்வரை

பென்சில்வேனியாவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் பழைய முறை நீளத் துப்பாக்கிகளைச் செய்கிறோம். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் கெட்டித்துச் சுடும் ரகம். 18ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள், தங்கள் நாட்டுக் குட்டை வேட்டைத் துப்பாக்கியின் குழலை 40 அங்குலத்துக்கு மேல் நீட்டி உருவாக்கிய வடிவம் அது.

இங்கு வருவதற்கு முன் நான் கணினி சொல்படி உலோகம் வெட்டும் சி.என்.சி. எந்திரத்தில் இருந்தவன். அங்கே எந்தத் துளையை முதலில் போட்டாலும் அது வரைபடத்தில் உள்ள இடத்தில்தான் விழும். அந்தப் பழக்கத்தோடுதான் மரத்தைத் தொட்டேன்.

முதல் வேலை குழலைத் துப்பாக்கியின் மரக் கட்டையில் பதிப்பது. எட்டுப்பட்டைக் குழல், அடியில் தடித்து, நடுவில் ஒடுங்கி, வாய்ப்பக்கம் மறுபடி லேசாக விரியும். நேர்க்கோட்டில் பள்ளம் வெட்டினால் உட்காராது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலில் பூசி, மரத்தில் வைத்து, மரச் சுத்தியலால் ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் காகிதக் கனம் சீவ வேண்டும். மறுபடி பூசு, தட்டு, சீவு. அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் மரம் வேறு. இழை திசை மாறுகிற இடத்தில் உளி மழுங்கியிருந்தால் பிய்த்துக்கொண்டு வரும். நாள் கணக்கில் போகும் வேலை.

என் இரண்டாவது துப்பாக்கிக்குக் குழல் வரத் தாமதமானது. லாக் கையில் இருந்தது. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி, எஃகில் அடித்துப் பொறி எழுப்பும் பொறியமைப்பு அது. சும்மா இருப்பானேன் என்று வரைபடத்தை அளந்து லாக்கை முதலில் பதித்துவிட்டேன். அழகாகத்தான் உட்கார்ந்தது.

அப்புறம் குழல் வந்தது. சுடும்போது பின்னுதைப்பு முழுவதையும் தாங்குவது குழலின் பின்முகம் முட்டும் மரம்தான். அங்கே இடைவெளி இருந்தால் கட்டை நாளடைவில் பிளக்கும். அந்த முகம் முழுதாகப் பொருந்தும்வரை கரி பூசிச் சீவினேன். ஒவ்வொரு சீவலுக்கும் குழல் ஒரு மயிரிழை பின்னால் போகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் 4 மில்லிமீட்டர் போயிருந்தது. லாக்கில் பற்றவைக்கும் மருந்து இருக்கும் கிண்ணத்தின் நடுவுக்கு நேராக வர வேண்டிய தீத்துளை, அதாவது தீ குழலுக்குள் புகும் ஓட்டை, கிண்ணத்தின் பின்விளிம்புக்குப் போய்விட்டது. துளையை முன்னே தள்ளவும் வழியில்லை, குழலை முன்னே இழுத்தால் பின்னால் இடைவெளி.

பட்டறைக்காரர் வெகுநேரம் பார்த்தார். "லாக்கின் இடத்தை நீ முடிவு செய்ய முடியாது. குழல்தான் முடிவு செய்யும்" என்றார். திட்டவில்லை. லாக் பள்ளத்தை ஒட்டுப் போட்டு மூடலாமா என்று கேட்டேன். அந்த ரேகை மரத்தில் ஒட்டு முகத்தில் தழும்பு மாதிரி தெரியும் என்று மறுத்துவிட்டார். வருடக்கணக்கில் உலர்த்திய மரம் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வரிசையின் காரணம் அதன் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. குழல் அசையாமல் உட்கார்ந்தால்தான் தீத்துளையின் இடம் தெரியும். அது தெரிந்தால் லாக். லாக் தகட்டின் உட்புறம் குழலின் பக்கப்பட்டையை இறுக்கி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மருந்துத் துகள் இடையில் இறங்கும். லாக் உட்கார்ந்தால்தான் விரலால் இழுக்கும் விசை அதை எங்கே தொட வேண்டும் என்பது தெரியும். கெட்டிக்கும் கோலுக்கான நீளத் துளை வேறு. துளையிடும் கம்பி மரத்துக்குள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்த பிறகே லாக்கின் முன் போல்ட்டுக்குத் துளை போடலாம். குழலுக்கும் கோலுக்கும் நடுவில் அதற்குக் கிடைப்பது 3 மில்லிமீட்டர் மரம்தான். பித்தளைத் தகடுகள், செதுக்கு வேலை எல்லாம் அதற்கும் பிறகு.

கடைசியில் சாயம். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசினால் மரம் அழுக்குப் பச்சையாகத் தெரியும். சூடு காட்டக் காட்ட செம்பழுப்பு ஏறி, புலி வரி மாதிரி ரேகைகள் எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடத்தில் கையை நிறுத்திவிட்டு நிற்பேன்.

இந்த மாதமும் ஒரு குழல் வரவில்லை. லாக் அலமாரியில் எண்ணெய்த் துணிக்குள் இருக்கிறது. நான் உளிகளைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.