கிராஃபைட் சூடா இருந்தாதான் பொழைக்கும்

ஜப்பான்ல டோக்காய்ங்கற ஊர்ல ஜே-பார்க்னு ஒரு ஆக்சிலரேட்டர், அதாவது நுண்துகள்களை அதிவேகமா முடுக்கற மெஷின் இருக்கு. அங்க நியூட்ரினோங்கற நுண்துகளை உண்டாக்க 30 ஜிஈவி (துகளோட ஆற்றலை அளக்கற அலகு) புரோட்டானைக் கொண்டுபோய் மோதவிடறது வெறும் 26 மில்லிமீட்டர் தடிமன், 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கற ஒரு கிராஃபைட் கம்பியில, இப்படி அடி வாங்கற பொருளைத்தான் டார்கெட்னு சொல்றாங்க. ஏன் கிராஃபைட்னா லேசான அணு, திடீர்னு சூடேறினாலும் சட்டுனு வெடிக்காது.

ஆனா புரோட்டான் அடிக்க அடிக்க அணுவெல்லாம் இடம் மாறிடும். கிராஃபைட் அப்பளக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கற பொருள், தெறிச்ச அணு ரெண்டு அடுக்குக்கு நடுவுல போய் உக்காந்துக்கும், அப்ப அந்தப் பக்கம் உப்பும், அணு போன இடத்துல ஓட்டை விழுந்து அடுக்கு வாக்குல சுருங்கும், இப்படி உள்ளுக்குள்ளயே இழுபறி நடந்து கடைசில விரிசல்ல போய் நிக்கும். வெப்பம் கடத்தற சக்தி சரியறதுதான் எனக்கு இதுல பெரிய கவலை, ஏன்னா அப்புறம் சூட்டை வெளிய எடுக்கவே முடியாது. போதாக்குறைக்கு கார்பன் கருவே உடைஞ்சு ஹீலியமும் ஹைட்ரஜனும் உள்ளயே சேரும், அணு ரியாக்டர்ல இருக்கற கிராஃபைட்ல இது இந்த அளவுக்கு இருக்காது. அமெரிக்காவோட ஃபெர்மிலேப் ஆய்வுக்கூடத்துல, நூமிங்கற நியூட்ரினோ பீமோட டார்கெட் ஒண்ணுல நியூட்ரினோ வரத்து கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சதே, அதுக்கும் டார்கெட் சேதாரத்தைத்தான் காரணமா பாக்கறாங்க.

இதுக்கு நல்லா குளிர வச்சா போச்சுன்னு தோணும். அங்கதான் விஷயமே. குளிர்ந்த கிராஃபைட்ல சேதம் அப்படியே தங்கிடும், சூடா இருந்தா தெறிச்ச அணு நகர்ந்து நகர்ந்து ஓட்டையில திரும்பப் போய் விழுந்து தானாவே ஓரளவு சரியாகும். 1957ல இங்கிலாந்துல விண்ட்ஸ்கேல் ரியாக்டர் தீப்பிடிச்சது கூட, கம்மி சூட்டுல இருந்த கிராஃபைட்ல இந்த மாதிரி சேதத்தால தேங்கின எனர்ஜியை வெளியேத்த அதை வேணும்னே சூடாக்கினப்பதான். சுவிட்சர்லாந்துல பிஎஸ்ஐங்கற ஆய்வுக்கூடத்துல கிராஃபைட்டை சக்கரமாவே பண்ணி செகண்டுக்கு ஒரு சுத்து சுத்த விடறாங்க, அதுல விழற புரோட்டான் பீம் ஒரு மெகாவாட்டுக்கு மேல, சக்கரம் சுமார் 1,700 கெல்வின்ல தகதகன்னு இருக்கும், சூடு கதிர்வீச்சாவே வெளிய போயிடும். ஜே-பார்க்லயும் தண்ணி விடாம ஹீலியத்தால குளிர வைக்கறாங்க, கம்பி நல்ல சூட்டுலயே இருக்கணும்னுதான். அதுக்குன்னு எவ்வளவு வேணா ஏத்தவும் முடியாது, ரொம்ப ஏறினா கார்பனே ஆவியா போயிடும்.

2012ல ஆரம்பிச்ச ரேடியேட்ங்கற ஆய்வுக்கூடங்களோட கூட்டமைப்பு இந்த சேதத்தைத்தான் அளந்துட்டு இருக்கு. ஃபெர்மிலேப்ல அடுத்து டூன்ங்கற நியூட்ரினோ ஆராய்ச்சிக்கு வரப்போற 1.2 மெகாவாட் பீமுக்கும் ஹீலியத்துல குளிர வைக்கற கிராஃபைட் டார்கெட்தான், அந்த அளவுகளை நம்பித்தான் அதை டிசைன் பண்ண முடியும்.