150 அடியில் நின்ற எஞ்சின்

என் குட்டி விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி 150 அடி இருக்கும். எஞ்சின் ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். மர ப்ரொப்பெல்லர் கண்ணுக்கு முன்னால் செங்குத்தாக நின்றுவிட்டது.

இந்த மாதிரி அல்ட்ராலைட் விமானத்துக்குக் கனம் குறைவு, காற்றை எதிர்க்கும் குழாயும் கம்பியும் ஏராளம். ஏறும்போது பவர் போனால் இரண்டு மூன்று விநாடியில் வேகம் செத்துவிடும். உடனே மூக்கைக் கீழே தள்ள வேண்டும். தரையைப் பார்த்துத் தள்ளக் கை வருமா? ஒரு விநாடி விட்டேன். போதாக்குறைக்கு, ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று இடது பக்கம் சாய்க்கவும் ஆரம்பித்தேன். அந்த உயரத்தில் திரும்பினால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, தலைகுப்புற விழுவதுதான் வழக்கம். எப்படியோ நிமிர்த்தி, மூக்கைத் தள்ளி, எதிரே தெரிந்த உழுத நிலத்தில் இறக்கினேன். முன்சக்கரம் மடங்கி, மூக்கு மண்ணில் குத்தி நின்றது. தோளில் பெல்ட் பதிந்த கன்றல், உதட்டில் ரத்தம். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்தேன், பெட்ரோல் டேப்பை மூடினேன், குதித்து ஓடினேன்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். விசாரணை அதிகாரி வரும்வரை விமானத்தைத் தொடக்கூடாது. அன்றிரவே வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். "எஞ்சின் திடீரென நின்றது" என்று எழுதியபோதுதான் அது உறைத்தது: டேப்பை மூடியபோது பிடி கொஞ்சம்தான் திரும்பியது. முழுக்கத் திறந்திருந்தால் கால் வட்டம் திரும்பியிருக்க வேண்டும். அப்படியென்றால் காலையில் நான் அதைப் பாதிதான் திறந்திருக்கிறேன். ஆனால் செக்லிஸ்டில் "பெட்ரோல், திறந்தாச்சு" என்று வாய் சொல்லியிருந்தது.

டேப்பை நானே மூடிவிட்டதால் இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு நண்பர்களிடம் மட்டும் சொன்னேன். இன்சூரன்ஸ் போய்விடும், எழுதாதே என்றார்கள். ஒரு நாள் முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி முதலில் ப்ரொப்பெல்லரைத்தான் பார்த்தார். அதன் கீழ்ப்பக்கத் தகடு மட்டும் முறிந்திருந்தது, மேலது முழுசாக இருந்தது. சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டுமே சிதறியிருக்கும். பிறகு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணங்களைக் கழற்றினார். இரண்டிலும் அடியில் ஈரம் மட்டும். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல், ஃபில்டர் சுத்தம், பம்ப்பிலும் கோளாறு இல்லை. அவர் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

பாதி திறந்த டேப், தரையில் மெதுவாக உருட்டிப் போக (டாக்ஸி செய்ய) போதும். முழு த்ராட்டில் கொடுத்தால் வருவதைவிடச் செலவு அதிகம். கிண்ணத்தில் இருப்பது தீரும்வரைதான் ஓடும். ஓடுபாதை முனையில் நான் முழு பவரில் சில விநாடி மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று கிளம்பியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் தரையிலேயே நின்றிருக்கும். பெட்ரோல் குறைந்து சூடேறினால் டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இறுகிவிடும். கழற்றிப் பார்த்ததில் லேசான கீறல்தான். அதில் மட்டும் அதிர்ஷ்டம்.

இன்சூரன்ஸ்காரர்கள் மாதக்கணக்கில் கேள்வி கேட்டு, ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

மறுபடி பறக்கப் போன அன்று பயிற்சியாளர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவிடவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு டேப்பைத் திறங்க" என்றார். பிடி போய் முட்டும் அந்தச் சின்னச் சத்தம் கேட்கும்வரை திருப்பச் சொன்னார். பத்துத் தடவை.