சித்தப்பாவின் அரைஞாண்கொடி

"இடுப்புல வெள்ளிக்கொடி கிடக்கு, கழட்டிருங்கம்மா. எம்ஆர்ஐ ரூமுக்குள்ள உலோகம் எதுவும் ஆகாது."

சித்திக்குக் கை நடுங்கியது. கொக்கி வரவில்லை. நான்தான் கழற்றினேன். 40 வருஷத் தடம் இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஓடியது.

காலை 6.30க்கு மேலூரில் சித்தப்பாவுக்கு டீ கிளாஸ் கைநழுவி, வாய் கோணியிருக்கிறது. "கொஞ்சம் படுக்கட்டும், சரியாயிரும்" என்றார்களாம் அக்கம்பக்கத்தில். நல்லவேளை, சித்தி கேட்கவில்லை.

8 மணிக்கு மதுரையில் சிடி ஸ்கேன். சில நிமிஷம்தான். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள்.

"அப்ப ஒண்ணுமில்லையாப்பா?"

அப்படியில்லை சித்தி. பக்கவாதம் மூளையில் ரத்தம் கசிந்தும் வரலாம், ரத்தக்குழாய் அடைத்தும் வரலாம். கசிவு இருந்தால் சிடி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் படம் சுத்தமாகவே தெரியலாம். திசுவில் நீர் நகர்வதைப் பார்க்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐயில் பெரும்பாலும் அரை மணிக்குள்ளேயே பாதித்த இடம் வெள்ளையாகத் தெரிந்துவிடும்; ஆனால் எடுக்க நேரம் பிடிக்கும். கசிவு இருக்கிறவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் சிடி. அந்த ஊசிக்குக் கெடுவே பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம். சித்தப்பாவுக்கு அதற்குள் போட்டாயிற்று. எவ்வளவு பாதிப்பு என்று பார்க்கத்தான் இந்த எம்ஆர்ஐ.

சாயங்காலம் வலது கையில் இரண்டு விரல் அசைந்தது. சித்தி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கொடி இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.