அழகர்மலை: 700 ரூபாய் ஆட்டோவும் ஒரு மிசௌரிக் கதையும்

முதலில் ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. மாட்டுத்தாவணியிலிருந்து அழகர்கோயிலுக்கு 500 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். இறங்கியதும் 700 என்கிறார். கேட்டால், "வெயிலைப் பாருங்கள் சார்." வெயிலுக்கு 200 ரூபாயா? அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான், அவன் முன்னால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாமே என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கோபத்தைத் தணித்தது பிரசாதத் தோசைதான். தோல் உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். விரல் தடிமன். சட்னி கேட்பவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஒன்று போதும் என்று போய் மூன்று வாங்கினோம். அரைத் தோசையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது.

மேலே நூபுர கங்கையில் குளித்துவிட்டு ஓடையோரம் இறங்கினோம். கள்ளழகருக்குத் திருமஞ்சனமே இந்தத் தண்ணீரில்தான். நண்டு இருக்குமா என்று ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினேன். சேறு புகைபோலக் கிளம்பியது, பின்னாலேயே ஒரு ஷாம்பு பாக்கெட்.

"மாமா, இருந்தபடியே வைத்துவிடுங்கள்!" என்று பதறினான் பையன்.

மிசௌரியில் ஓசார்க் மலை ஆறுகளில் ஹெல்பெண்டர் என்றொரு சாலமாண்டர் இருக்கிறதாம்; பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்கு உறவு. இரண்டடி வரை வளரும்; சப்பைத் தலை, விலாவில் மடிப்பு மடிப்பாகத் தோல். மூச்சு விடுவது பெரும்பாலும் அந்தத் தோலால்தான், அதனால் குளிர்ந்த, தெளிந்த ஓட்டம் வேண்டும். முட்டை பெரிய கல்லுக்கடியில். காவல் காப்பது ஆண். கல்லைப் புரட்டினால் குடும்பமே போயிற்று. வண்டல் வந்து இடுக்கை அடைத்தாலும் அதே கதி. இந்த ஓசார்க் வகையை 2011இல் அழியும் இனம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் செயற்கை ஓடை கட்டி, உலகிலேயே முதல் தடவையாக மனிதப் பராமரிப்பில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பொடியாக விட்டால் மீன் விழுங்கிவிடும் என்று சில ஆண்டுகள் தொட்டியில் வளர்த்து, அடையாளச் சில்லு பொருத்தி ஆற்றில் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் விட்டாயிற்று.

"ஒரு பிராணிக்கா இவ்வளவு செலவு?" என்றேன், 700 ரூபாய் நினைப்பிலேயே.

"வளர்த்துக்கூட விடலாம் மாமா. விடுகிற இடத்தில் கல்லிடுக்கு தூர்ந்து போயிருந்தால் என்ன செய்வது?"

திரும்பும்போது, பிடிவாதமாக, பஸ். வைகைப் பாலத்தில் நெரிசலில் கால் மணி நேரம் நின்றோம். கீழே கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. பையன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "கல்லே கண்ணில் படவில்லையே" என்றான். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

போகும் வழி, நேரம் எல்லாம் வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன், இல்லையா? பஸ்ஸில் போங்கள்.